எண் கோட்பாடு படிக்க முதலில் கால்குலஸ் முடிக்க வேண்டுமா?

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் 35 வயது வாசகர் எழுதிய நீண்ட கடிதம் என் முன்னால் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது 42 நாளுக்கு ஒருமுறைதான் என்பதைக் காலண்டரில் குறித்து வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். அது ஏன் என்று யோசித்த ஆர்வத்தில், சௌராஸ்தா மார்க்கெட் மாடியில், முழு எண்களின் இயல்புகளை ஆராயும் எண் கோட்பாடு பற்றிய பழைய ஆங்கிலப் பாடநூல் ஒன்றை வாங்கியிருக்கிறார். பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டார். "அட்டையில் எலிமெண்டரி என்று போட்டிருக்கிறது டீச்சர். எலிமெண்டரியே புரியவில்லை என்றால் எனக்கு இதற்கெல்லாம் மூளை இல்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்கிறார். முதலில் கால்குலஸை முழுதாக முடித்துவிட்டு வா என்கிறார் உடன் வேலை செய்யும் இன்ஜினியர். மூன்றே மாதத்தில் அடிப்படையிலிருந்து, மிகக் கடினமான பெர்மாவின் கடைசித் தேற்றம் வரை கற்றுத் தருவதாக ஓர் இணைய வகுப்பு விளம்பரம் செய்கிறது; கட்டணம் அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். வேலையை விட்டுவிட்டுப் பட்டப்படிப்பில் சேரலாமா என்றும் ஒரு யோசனை. வீட்டில் மனைவியும், தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகளும் இருக்கிறார்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். காலண்டரில் 42 நாள் சுழற்சியைத் தானாகக் கண்டுபிடித்து, அது ஏன் என்று கேட்டு வந்தவர்கள் என் வகுப்பில் மிகக் குறைவு. மூளை பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். அட்டையில் இருக்கும் அந்தச் சொல் உங்களை ஏமாற்றிவிட்டது. கணிதத்தில் எலிமெண்டரி என்றால் சுலபம் என்று பொருளில்லை. கால்குலஸ், சிக்கலெண் பகுப்பாய்வு (கற்பனை எண்களையும் சேர்த்துச் செய்யும் கால்குலஸ்) போன்ற கனமான கருவிகளை எடுக்காமல் செய்வது என்றுதான் பொருள். பகா எண்கள் எவ்வளவு அடர்த்தியாகப் பரவியிருக்கின்றன என்று சொல்லும் பகா எண் தேற்றத்தை 1896-ல் ஆதமாரும் தெ லா வாலே புசேனும் தனித்தனியாகச் சிக்கலெண் பகுப்பாய்வை வைத்து நிரூபித்தார்கள். அந்தக் கருவி இல்லாத எலிமெண்டரி நிரூபணத்துக்கு எர்டோஷும் செல்பெர்க்கும் வர வேண்டியிருந்தது. அது 1949-ல்தான் அச்சேறியது. படித்துப் பார்த்தால் பழைய நிரூபணத்தைவிட அதுதான் கடினம்.

பதினான்காம் பக்கம்

நீங்கள் நின்ற இடத்தைத் தெளிவாக எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. புத்தகம் அங்கே நிரூபிப்பது இது: ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கலை மீதியில்லாமல் வகுத்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது வகுக்கும். "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதற்கு எதற்கு அரைப்பக்கம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் எது குறைகிறது என்பது இந்தக் கேள்வியில்தான் தெரிகிறது.

7 போன்ற பகா எண்ணை விட்டுவிட்டு 6-ஐ வைத்துப் பாருங்கள். 4 × 9 = 36. 6 அந்த 36-ஐ வகுக்கிறது. ஆனால் 4-ஐயும் வகுக்கவில்லை, 9-ஐயும் வகுக்கவில்லை. அப்படியானால் இது எல்லா எண்ணுக்கும் தானாக நடக்கிற சங்கதி இல்லை. பகா எண்ணுக்கு மட்டும் நடக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று செய்து பாருங்கள். உலகத்தில் இரட்டை எண்கள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேங்காயை ஜோடி ஜோடியாக மட்டும் விற்கிற கடை மாதிரி. அந்த உலகத்தில் 6-ஐ இரண்டு இரட்டை எண்களின் பெருக்கலாக எழுத முடியாது. 2, 10, 30 இவற்றையும் முடியாது. ஆக இந்த நான்கும் அங்கே பகா எண்கள் மாதிரிதான். ஆனால் 60 = 2 × 30; அதே 60 = 6 × 10. ஒரே எண்ணை இரண்டு விதமாக உடைத்துவிட்டோம். நம்முடைய சாதாரண எண்களில் மட்டும் ஏன் ஒரே விதமாகத்தான் உடைகிறது? ஆறாம் ஆண்டில் காரணிகளைக் கீழே கீழே எழுதி வகுத்தபோது இதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. உங்கள் பதினான்காம் பக்கம் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பிக்கிறது.

பதில் பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடிடமிருந்து வருகிறது. ஒரு தாளை எடுத்து 100, 37 என்று எழுதுங்கள். 100-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி 26. 37-ஐ 26-ஆல் வகுத்தால் மீதி 11. 26-ஐ 11-ஆல் வகுத்தால் 4. பிறகு 3. பிறகு 1. அத்தோடு முடிந்தது, இந்த இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 1. இப்போது கீழேயிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறி வாருங்கள். 1 என்பது 4-லிருந்து 3 போனது; 3 என்பது 11-லிருந்து இரண்டு 4 போனது என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே வந்தால், கடைசியில் 10 × 100 − 27 × 37 = 1 என்று வந்து நிற்கும். 1000-லிருந்து 999 போனால் 1. சரியாக இருக்கிறதா? இதைப் படித்துவிட்டு நகராதீர்கள். கையால் ஒருமுறை ஏறி இறங்குங்கள்.

இனி அந்த நிரூபணம். 7 என்ற பகா எண் அ × ஆ என்ற பெருக்கலை வகுக்கிறது, ஆனால் அ-வை வகுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 7-க்கு 1, 7 தவிர வேறு காரணி கிடையாது. ஆகவே 7-க்கும் அ-வுக்கும் பொது வகுத்தி 1-தான். மேலே ஏறி வந்தது போலவே இங்கேயும் 1 = 7 × க + அ × ச என்று எழுதலாம்; க, ச இரண்டும் ஏதோ முழு எண்கள். இருபுறமும் ஆ-வால் பெருக்குங்கள். ஆ = 7 × க × ஆ + அ × ஆ × ச. வலப்பக்கத்தில் முதல் உறுப்பில் 7 கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவதில் அ × ஆ இருக்கிறது. அதை 7 வகுக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டோம். இரண்டையும் 7 வகுத்தால் அவற்றின் கூட்டலையும் வகுக்கும். ஆகவே ஆ-வை 7 வகுக்கிறது. அவ்வளவுதான் அந்த அரைப்பக்கம். 7-ஐ எடுத்துவிட்டு எந்தப் பகா எண்ணைப் போட்டாலும் ஒரு வார்த்தை மாறாது. 6-ஐப் போட்டால் எந்த வரியில் உடைகிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

இதில் எங்கேயாவது கால்குலஸ் வந்ததா? கூடுதல் கணிதம் வந்ததா?

கையில் என்ன இருக்க வேண்டும்

2003-ல் முதலாம் படிவம் போனவர் நீங்கள். அந்த ஆண்டுதான் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் ஆரம்பித்தது. ஆறாம் ஆண்டு வரை பகா எண், காரணி, மடங்கு என்று படித்துவிட்டு ஒரே டிசம்பர் விடுமுறையில் மொழி மாறிய தலைமுறை உங்களுடையது. "அர்த்தம் புரியாமலே ஃபார்முலா போட்டுப் பழகிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் மாணவர்கள் பலரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஐந்து வருடப் பாடத்தையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை.

இயற்கணிதத்தில் அடைப்புக்குறியை விரிப்பது, காரணிப்படுத்துவது, அடுக்கு விதிகள் இவை கை தடுமாறாமல் வர வேண்டும். ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதத்தில் சி வாங்கியதாகச் சொல்கிறீர்கள். மூன்று நான்கு வாரம் பழைய கணக்குகளைப் போட்டால் போதும். ஈருறுப்பு விரிவு எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பெர்மாவின் சிறிய தேற்றத்தில் அது உதவிக்கு வரும். கணங்கள், சார்பு இவை பெயரளவில் தெரிந்தால் போதும். எண் அடிமானம் உங்களுக்கு ஐந்தாம் படிவத்தில் வந்திருக்கும். வேலையிலும் பைனரியை அன்றாடம் பார்க்கிறீர்கள்.

மீதமிருப்பது நிரூபணம். நீங்கள் தவறிய இடம் இதுதான், கால்குலஸ் இல்லை. நான்காம் படிவத்தில் 'மேத்தமெட்டிக்கல் ரீசனிங்' என்று ஒரு பாடம் இருந்ததே, நினைவிருக்கிறதா? 'இது இருந்தால் அது' என்ற வாக்கியம், அதன் மறுதலை, எதிர்மறை எல்லாம் அதில் வந்தன. பலர் அதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோனார்கள். எண் கோட்பாட்டுக்கு முன்னால் நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டிய ஒரே பள்ளிப் பாடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் அதிலேயே ஒரு குழி இருக்கிறது. 'இண்டக்ஷன்' என்ற சொல் அந்தப் பாடத்தில், சில உதாரணங்களைப் பார்த்துப் பொதுவான ஒன்றை ஊகிப்பது என்ற பொருளில் வந்தது. உங்கள் புத்தகத்தில் வரும் 'மேத்தமெட்டிக்கல் இண்டக்ஷன்', தமிழில் கணிதத் தொகுத்தறிதல், வேறு சங்கதி. முதல் எண்ணுக்கு உண்மை என்று காட்டி, ஏதோ ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்த எண்ணுக்கும் உண்மையாகியே தீரும் என்று காட்டுவது. 1, 1+3, 1+3+5 என்று ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் 1, 4, 9 என்று வர்க்க எண்கள் வருகின்றன. ஊகிப்பது பள்ளிப் பாடம். அடுத்த ஒற்றைப்படை எண்ணைச் சேர்க்கும்போது ஏன் அடுத்த வர்க்கம் வந்தே ஆக வேண்டும் என்று காட்டுவது நிரூபணம். ஒரே பெயரில் இரண்டும் வருவதால் நல்ல மாணவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள்.

கோல்ட்பாக் ஊகத்தை 1000 வரை உட்கார்ந்து சரிபார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்பது 1742-ல் எழுந்த ஊகம். "இவ்வளவு தூரம் சரியாக வந்தால் உண்மைதானே?" என்கிறீர்கள். உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் அந்த முடிவுக்கு வராதீர்கள். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அதோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 1-க்கு 43. 2-க்கு 47. 3-க்கு 53. எல்லாம் பகா எண்கள். 39 வரை போனாலும் பகா எண்தான். 40-ல் 1681 வருகிறது. அது 41 × 41. 39 முறை தொடர்ந்து சரியாக வந்த ஒன்று நாற்பதாவதில் உடைகிறது. கோல்ட்பாக் ஊகத்தைக் கணினிகள் 4-க்குப் பின்னால் 18 பூஜ்யம் வரை சரிபார்த்துவிட்டன. இன்றைக்கும் அதை யாரும் தேற்றம் என்று சொல்வதில்லை.

மொழிக்கு ஒரு யோசனை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் எண்களும் தொடர்வரிசைகளும் என்ற பகுதி இருக்கிறது. யூக்ளிடின் வகுத்தல், மீதிகளை வைத்துக் கணக்கிடும் மட்டு எண்கணிதம் இரண்டும் அதில் தமிழிலேயே உள்ளன. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஆங்கிலப் புத்தகத்தைத் திறங்கள். உங்கள் 42 நாள் கணக்கு அந்த மட்டு எண்கணிதத்துக்குள்தான் இருக்கிறது: ஷிப்ட் சுழற்சி 6 நாள், வாரம் 7 நாள், இரண்டுக்கும் பொது வகுத்தி 1. அதனால் 6 × 7 நாளில் எல்லாச் சேர்க்கையும் ஒவ்வொரு தடவை வந்துபோகும்.

கால்குலஸ் எப்போது வரும்

உங்கள் இன்ஜினியர் நண்பர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பகா எண்களின் பரவலைப் பற்றிப் படிக்கப் போனால் மெய்ப் பகுப்பாய்வும் சிக்கலெண் பகுப்பாய்வும் வேண்டும். இன்னொரு பக்கம் போனால் குலம், வளையம், புலம் என்று நவீன இயற்கணிதம் வேண்டும். பெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு வைல்ஸ் கொடுத்த நிரூபணம் 1995-ல் வெளிவந்தது. நீள்வட்ட வளைவரைகளும் மட்டு வடிவங்களும் தெரியாமல் அதற்குள் நுழைய முடியாது. பட்டம் முடித்தவர்களுக்கே அது பல வருட வேலை. ஆனால் வகுபடுதல், பகா எண், மீதிக் கணக்கு, பெர்மாவின் சிறிய தேற்றம், ஆய்லரின் தேற்றம், 1977-ல் வந்த ஆர்எஸ்ஏ மறைகுறியாக்கம் வரைக்கும் கால்குலஸ் உங்களிடம் எதுவும் கேட்காது. அதுவே உங்களுக்கு ஒன்றரை வருடத்துக்கான சாப்பாடு.

வகுப்பா, பட்டமா, வேலையை விடுவதா

அந்த இணைய வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். மூன்று மாதத்தில் பெர்மாவின் கடைசித் தேற்றம் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அந்தத் தேற்றம் தெரியாது அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். எந்த வகுப்பானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் எழுதும் நிரூபணத்தை யார் படித்துத் திருத்துவார்? வீடியோ மட்டும்தான் என்றால் அது உங்களுக்குத் தேவையில்லை.

வேலையை விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. ஆசையை அடக்கச் சொல்லவில்லை. நிரூபணம் எழுதுவது உங்களுக்குப் பிடிக்கிறதா என்றே இன்னும் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு குடும்பத்தின் வருமானத்தை அதில் வைக்க வேண்டாம். கணிதப் பட்டப்படிப்பில் எண் கோட்பாடு பொதுவாக ஒன்றிரண்டு பாடம்தான். மற்ற நேரமெல்லாம் கால்குலஸ், புள்ளியியல், நேரியல் இயற்கணிதம். அதையும் விரும்புவீர்களா என்று யோசியுங்கள். ஆறு மாதம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால், யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே 1971-லிருந்தே தொலைதூரக் கல்வி நடக்கிறது. கணிதப் பிரிவுக்குச் சேர்க்கை இருக்கிறதா, உங்கள் டிப்ளோமாவை ஏற்பார்களா என்று ஓர் ஓய்வு நாளில் நேரில் போய்க் கேளுங்கள். வேறு எந்தக் கல்லூரியாக இருந்தாலும் அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) பதிவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பட்டப்படிப்புக்காக இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பின் ஒரு பகுதியை எடுக்க வழி இருக்கிறது. ஆனால் அது உங்கள் முதுமைக்கான பணம். மனைவியோடு உட்கார்ந்து பேசாமல் அதைத் தொடாதீர்கள்.

"ராமானுஜன் யாரிடமும் படிக்கவில்லையே" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே கணக்குப் போட்டவர் அவர். அந்த வகையில் உங்களுக்கு அவர் நெருக்கம்தான். ஆனால் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதி அனுப்பியவற்றில் தவறுகள் இருந்தன. சிக்கலெண் பகுப்பாய்வு அப்போது அவர் கைக்கு எட்டியிருக்கவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கே சொல்லித்தர ஆளும் புத்தகமும் தேவைப்பட்டது. கேட்டுப் படிப்பதில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் 42 நாளில் ஏழு ஓய்வுச் சுற்று வருகிறது. முதல் ஓய்வு நாளில் தூங்குங்கள், மகளோடு இருங்கள். இரண்டாவது நாள் காலையில் இரண்டு மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, பென்சிலோடு உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒரு நிரூபணம் போதும். புத்தகத்தை மூடிவிட்டு, அதை ஒரு கூட்டாளிக்கு விளக்குவது போல் உங்கள் வார்த்தையில் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ அந்த வரிதான் உங்களுக்குப் புரியாத வரி.

முதல் வேலையை நானே தருகிறேன். கடிதத்தின் கடைசியில் உங்கள் மச்சானைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிறை என்ற ஊரில் அவருக்கு மூன்று நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. உங்கள் முதல் ஓய்வு நாள் அவருக்கும் சில சமயம் ஓய்வாக அமைகிறது, அன்றைக்கு உங்களுக்குத் தூக்கம். இரண்டாவது ஓய்வு நாளில் மீன் பிடிக்கப் போகலாம் என்றால் ஒருமுறைகூட அவருக்கு ஓய்வு அமைந்ததில்லை. "எங்களுக்கு நேரம் சரியில்லை டீச்சர்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சுழற்சி 6, அவருடையது 4. நாட்களுக்கு 1, 2, 3 என்று எண் போடுங்கள். உங்கள் இரண்டாவது ஓய்வு நாள் 6, 12, 18 என்று வரும்படி வைத்துக்கொண்டு, அவருடைய ஓய்வு நாள்கள் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாருங்கள். எத்தனை வருடம் காத்திருந்தாலும் அந்த இரண்டும் சந்திக்காது என்று நிரூபித்து எழுதுங்கள். பிறகு, மச்சான் ஒரே ஒரு நாள் ஷிப்ட் மாற்றி வாங்கி அவருடைய சுழற்சி ஒரு நாள் தள்ளிப் போனால், எத்தனை நாளுக்கு ஒருமுறை சேர்ந்து மீன் பிடிக்கலாம் என்பதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். வரிக்கு வரி படித்துத் திருத்தி அனுப்புகிறேன்.